மழையிலேர்ந்து பின்னாடி எண்ணுங்க: டெல்டாவுல மூணு ஏக்கர் வச்சிருக்கவங்களுக்கு முதல் வருஷம்

சென்னை, பெங்களூர்னு வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்பி வந்து அப்பா நிலத்தைக் கையில எடுக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே என்ன உரம் போடணும், என்ன மருந்து அடிக்கணும்". அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். காவேரி டெல்டாவுல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது தேதி. மேட்டூர்ல தண்ணி எப்ப திறக்கறான், வடகிழக்கு மழை எப்ப இறங்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க நெல்லுக் கதிர் எந்த நாள்ல நிக்கப்போகுது, அவ்வளவுதான் விஷயம். இதுல தப்பு பண்ணிட்டீங்கன்னா எவ்வளவு உரம் கொட்டினாலும் அறுப்பு அன்னைக்கு வயல்ல முழங்கால் தண்ணி நிக்கும். நான் பட்டிருக்கேன், அத பின்னாடி சொல்றேன்.

எங்களுக்கு மூணு ஏக்கர் சொச்சம், வெண்ணாத்துப் பாசனம், தஞ்சாவூர் ஜில்லா. ஊர்ல யாரும் ஏக்கர்ல பேச மாட்டாங்க, மா கணக்குதான். நூறு குழி ஒரு மா, மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது ஒரு மாங்கறது 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. இத முதல் நாளே மனசுல ஏத்திக்குங்க, ஏன்னா டிராக்டர்காரர் "மாவுக்கு இவ்வளவு"ன்னு சொல்லுவார், நீங்க ஏக்கருக்குன்னு நெனச்சு தலையாட்டிட்டு வந்து நிப்பீங்க. மூட்டைன்னா 60 கிலோ. அரசாங்க கொள்முதல்ல மட்டும் 40 கிலோ, அதுக்குப் பேரு சிப்பம்.

பேப்பர் வேலை, இத சித்திரையிலேயே முடிங்க

வயல்ல கால வைக்கறதுக்கு முன்னாடி பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தாத்தா பேர்லயே கிடக்கும் பாதிப் பேருக்கு. சிட்டா ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அடங்கல் (எந்த வயல்ல என்ன பயிர்னு எழுதுற பதிவு) விஏஓ கிட்ட. நெல்லு விக்க, சொசைட்டியில பயிர்க்கடன் வாங்க, இன்ஷூரன்ஸ் கட்ட, எல்லாத்துக்கும் இந்த ரெண்டும் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் வேணும், நாலுலயும் பேரு ஒரே மாதிரி இருக்கணும், இனிஷியல் முன்ன பின்ன இருந்தாலே திருப்பி அனுப்புவாங்க. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் சொன்ன தவணைக்குள்ள கட்டிட்டா வட்டி கிடையாது, அதனால மஞ்சள் பை எடுத்துட்டு நகை அடகுக்கடை வாசல்ல போய் நிக்காம முதல்ல அங்க மெம்பர் ஆகுங்க. உழவன் ஆப் போன்ல போட்டு வச்சுக்குங்க, விதை இருப்பு, உர இருப்பு எல்லாம் அதுல தெரியும்.

இன்னொரு வேலையும் இந்த கோடையிலதான், மண்ணு டெஸ்ட். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குப்பை போட்ட இடம் இதெல்லாம் விட்டுட்டு பத்து பதினஞ்சு இடத்துல ஆங்கில வி மாதிரி அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ண மட்டும் சுரண்டி எடுத்து, எல்லாத்தையும் கலந்து, நாலா பிரிச்சு எதிர் எதிர் பங்க தள்ளி, கடைசியா அரைக்கிலோ மிஞ்சுற மாதிரி குடுங்க. ஒரே இடத்துல வெட்டி ஒரு கேரி பேக்ல அள்ளிட்டுப் போனா அது அந்த ஒரு குழிக்கான ரிசல்ட்டு.

இப்ப எண்ணுறதுக்கு வருவோம்

மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. வழக்கம்தான், சத்தியம் இல்ல. 2022ல மே 24ந் தேதியே திறந்தாங்க, 2024ல ஜூலை 28 வரைக்கும் காத்துக் கெடந்தோம், 2023ல ஜூன்ல ஒழுங்கா திறந்துட்டு அக்டோபர்லயே மூடிட்டாங்க. மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை வந்து சேரவே மூணு நாலு நாள் ஆகும், அங்கேர்ந்து ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால்னு பிரிஞ்சு உங்க மடைக்கு வர்றது நீங்க எங்க இருக்கீங்கங்கறத பொறுத்தது. தலைப்பகுதின்னா சீக்கிரம், கடைமடை, அதாவது வாய்க்காலோட கடைசின்னா கோயில்ல வேண்டிக்கணும். போர்வெல் இருக்கவங்களுக்கு இந்தக் கவலை பாதி குறைவு, ஆனா கடலோரம் நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணிதான் பல இடத்துல.

அந்தப் பக்கம் மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், நவம்பர்தான் உச்சம், டிசம்பர்லயும் ரெண்டு மூணு புயல் சின்னம் வந்து போகும்.

இப்ப ஒரு பேப்பர் எடுங்க, அறுப்பு தேதிய முதல்ல எழுதுங்க, அங்கேர்ந்து பின்னாடி எண்ணுங்க. குறுவைக்கு, அதாவது ஜூன்ல விதைக்கற குறுகிய கால போகத்துக்கு, ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 இதெல்லாம் 105லேர்ந்து 110 நாள் ரகம். ஜூன் 15 விதைச்சா அக்டோபர் 3 வாக்குல அறுப்பு, மழைக்கு ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுக்கு வந்துடும். அதையே ஜூலை 10 விதைச்சா அக்டோபர் 28. அதாவது கதிர் பழுத்துத் தலை சாயுற நேரமும் மழை இறங்குற நேரமும் ஒண்ணு. அந்த வருஷம் தண்ணி லேட்டுன்னா குறுவைய விட்டுடுங்க, நேரா சம்பா போங்க, அதான் ஆகஸ்ட்ல விதைக்கற நீண்ட போகம். "ஒரு போகம் போச்சே"ன்னு தோணும். தோணட்டும்.

சம்பாவுக்கு சி.ஆர். 1009, பொன்மணின்னும் சொல்லுவாங்க, இட்லி அரிசிக்குப் போற குண்டு நெல்லு, 155 நாள். ஆகஸ்ட் 15 விதைச்சா ஜனவரி 17 அறுப்பு, பொங்கல் தாண்டி. கதிர் வெளிய வர்றது அறுப்புக்கு ஒரு மாசம் முன்னாடி, அதாவது டிசம்பர் நடுவுல. பாருங்க, பெருமழை கொட்டுற நவம்பர்ல பயிர் நல்லா உயரமா நிக்குது ஆனா பூக்கல. இதுதான் பெரியவங்க ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் சம்பா நாத்தங்காலுக்கு அவசரப்பட்டதுக்குக் காரணம், சும்மா சாஸ்திரத்துக்கு இல்ல. பள்ளக்கால் நிலமா இருந்தா சி.ஆர். 1009 சப் 1 போடுங்க, ரெண்டு வாரம் வரைக்கும் முங்கி கிடந்தாலும் எழுந்து வரும்.

குறுவை அறுத்த அதே நிலத்துல போடுறது தாளடி. அதுக்கு 155 நாள் ரகம் போட முடியாது, தண்ணி மூடிடுவான். ஆடுதுறை 46 மாதிரி 135 நாள் ரகம், நாத்தங்கால செப்டம்பர் 20 வாக்குல வேற இடத்துல விட்டுட்டா குறுவை வெளிய போனதும் நடலாம், பிப்ரவரி 2 வாக்குல அறுப்பு. (ஆடுதுறைன்னா அந்த ஊர்ல 1922லேர்ந்து இருக்கற நெல் ஆராய்ச்சி நிலையம் விட்ட ரகம்னு அர்த்தம். கடைக்காரர் ஏடிடீன்னு சொல்லுவார், ரெண்டும் ஒண்ணுதான்.)

பாரம்பரிய நெல்லு போடணும்னு ஆசையோட வர்றவங்க நிறைய. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லின்னு. தப்பே இல்ல, திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் நடத்தின நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போனவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும்னு ஒரு ஏற்பாடு, அதுல பரவினதுதான் பாதி டெல்டாவுல இருக்கு இன்னைக்கு. ஆனா முதல் வருஷம் ஒரு மாவுக்கு மேல வேணாம். அதுல பாதி ரகம் ஆளு உயரம் வளரும், மழையில சாஞ்சுடும், விக்கறதுக்கும் நீங்களேதான் ஆள் தேடணும்.

கோடையில மண்ணு

சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பாத்து நல்லேர், அதாவது வருஷத்து முதல் உழவு, கட்டுவாங்க, இப்ப மாடு இல்ல, டிராக்டருக்கே சந்தனம் குங்குமம் வச்சு ரெண்டு சுத்து ஓட்டிடறோம். கோடை மழை ஒண்ணு பெஞ்சதும் ஈரத்தோட ஒரு உழவு போட்டு விட்டுடுங்க, களை வேர் காயும், கூட்டுப்புழு மேல வந்து கொக்குக்கு இரையாகும்.

அடுத்து எரு. மாடு இல்லாத வீட்டுக்கு சுலபமான வழி ஆட்டுக்கிடை. ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கீதாரிங்க, அதாவது ஆடு மேய்க்கறவங்க, மந்தையோட வருவாங்க, ராத்திரிக்கு இவ்வளவுன்னு பேசி நம்ம வயல்ல அடைச்சா புழுக்கையும் மூத்திரமும் நேரா மண்ணுக்கே போகுது, மறுநாள் கிடைய கொஞ்சம் தள்ளி மாத்திப் போடுவாங்க. அடைச்ச இடத்த காயவிடாம உடனே உழுதுடணும், இல்லன்னா பாதி சத்து காத்துல போயிடும். கிடை கிடைக்கலன்னா தக்கைப்பூண்டுங்கற பசுந்தாள் உரச் செடி, ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள்ல பூக்கற சமயத்துல மடக்கி உழுதுடுங்க. தாமதம் பண்ணா தண்டு நாராயிடும், ரொட்டவேட்டர்ல சுத்திக்கிட்டு டிராக்டர்காரர் திட்டுவார்.

வாய்க்கால் தூர் வாருறதும் இப்பதான். ஆறு பெரிய வாய்க்கால் எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும், உங்க மடைக்கு வர்ற சின்ன வாய்க்கால் நீங்களும் பக்கத்து நெலத்துக்காரரும் சேந்துதான் வெட்டணும். அதைவிட முக்கியம் வடிகால். தண்ணி வர்ற வழிய எல்லாரும் பாப்பாங்க, போற வழிய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, நவம்பர்ல ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

விதையும் நாத்தங்காலும்

வேளாண் டிப்போவுல சான்று விதை வாங்குங்க, குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ, நடுத்தரத்துக்கு 16, நீண்ட கால ரகத்துக்கு 12 கிலோன்னு சிபாரிசு. எங்க ஊர்ல ஒரு மூட்டை அப்படியே கொட்டுவாங்க எதுக்கும் இருக்கட்டும்னு. முதல் வருஷம் நீங்களும் கொஞ்சம் கூடத்தான் விடுவீங்க, பரவால்ல.

பதர் பிரிக்கறதுக்கு உப்புக்கரைசல். ஒரு பாத்திரத்துல தண்ணி எடுத்து அதுல புது முட்டை ஒண்ணு போடுங்க, அடியில உக்காரும். உப்பு போட்டுக் கலக்கிக்கிட்டே வாங்க, முட்டை மெல்ல எழும்பி மேல ஒரு காசு அளவுக்குத் தலை தெரியும்போது நிறுத்துங்க. அதுல விதைய கொட்டினா மிதக்கறது எல்லாம் பதர், மூழ்கினது விதை. மூழ்கினத ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில கழுவணும், உப்பு ஒட்டியிருந்தா முளைப்பு கெடும். அப்புறம் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கற நல்ல பாக்டீரியா பொடி) போட்ட தண்ணில ஒரு நாள் ஊறவச்சு, சாக்குல கட்டி வைக்கோல் மூடி ஒரு நாள் மூட்டம் போட்டா, பிரிக்கும்போது வெதுவெதுன்னு ஆவி அடிக்கும், ஒவ்வொரு நெல்லு மூக்குலயும் வெள்ளையா ஊசி முனை மாதிரி முளை. எத்தன வருஷம் ஆனாலும் அந்த சாக்க பிரிக்கற நேரத்துக்கு எங்கம்மா கூட வந்து எட்டிப் பாப்பாங்க.

நாத்தங்கால் ஏக்கருக்கு 8 சென்ட் போதும், சென்ட்டுக்கு 2 கிலோ டிஏபி உரம். நல்லா சேறாக்கி, சமமா பரம்படிச்சு, சேறு தெளிஞ்ச அப்புறம் விதைய தெளிக்கணும். முதல் மூணு நாலு நாள் தண்ணி நிக்கக்கூடாது, சாயங்காலம் லேசா நனைச்சு வடிச்சுடணும், நின்ன இடம் அழுகிப் போகும். வயசு முக்கியம்: குறுவை ரகம் 18லேர்ந்து 22 நாள்ல பறிச்சு நட்டுடணும், நடுத்தரம் 25லேர்ந்து 30, சி.ஆர். 1009 மாதிரி நீண்ட ரகம் 30, 35 நாள் தாங்கும். 105 நாள் ரகத்த 35 நாள் நாத்தங்கால்லயே விட்டா அது தூர் கட்டுற காலத்த அங்கேயே செலவு பண்ணிட்டு வயல்ல வந்து ரெண்டு கதிர காட்டிட்டு படுத்துடும்.

நடவு

பெரிய வயல்ல சேறடிக்க கேஜ் வீல் (இரும்புக் கூண்டு சக்கரம்) போட்ட டிராக்டர். அதுக்கு முன்னாடி வரப்புல அண்டை வெட்டி, சேத்த அள்ளி வரப்ப அணைச்சிருக்கணும், இல்லன்னா நண்டு வளை வழியா நீங்க பாய்ச்சுற தண்ணி பக்கத்து வயலுக்குப் போகும். சேறடிச்சதும் அடியுரம், கூடவே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், அத டிஏபியோட கலக்காம மணல்ல கலந்து தனியா தூவுங்க.

நாத்து பறிக்கறத கிட்ட நின்னு பாருங்க ஒரு நாள். ரெண்டு கையாலயும் அடிய பிடிச்சு இழுத்து, வேர்ல தொங்குற சேத்த தன் கால்லயே ரெண்டு தட்டு தட்டி உதறி, ஒரு கைப்பிடி சேந்ததும் நாரால சுத்தி முடியா கட்டி பின்னால போட்டுக்கிட்டே நகருவாங்க. நான் முதல் தடவை பறிச்சப்ப பாதி நாத்து இடுப்பு ஒடிஞ்சு வேரில்லாம வந்துச்சு. பக்கத்துல பறிச்சுக்கிட்டிருந்த அக்கா பாத்துட்டு, "தம்பி, நீங்க போயி டீ வாங்கிட்டு வாங்க, அதான் இப்ப அவசரம்"னு சொன்னாங்க. நியாயமான பேச்சு. நடும் முன்னாடி நாத்து நுனிய கொஞ்சம் கிள்ளி விடுங்க, தண்டு துளைப்பான் முட்டை அந்த நுனியிலதான் ஒட்டியிருக்கும்.

ஆள் கிடைக்கறது பெரிய பாடு. உள்ளூர்ல நடவு ஆள் குறைஞ்சுபோச்சு, இப்ப மேற்கு வங்காளத்துலேர்ந்து வர்ற பையனுங்க குழுவா வந்து நடறாங்க, வேகம்னா வேகம். எந்தக் குழுவா இருந்தாலும் எட்டடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது வெறும் சந்து, விட்டு நடச் சொல்லுங்க. "எடம் வீணாப்போகுதே"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அந்த சந்துல வெயிலும் காத்தும் உள்ள போனாத்தான் புகையான்ங்கற பூச்சி கட்டுப்படும், உரம் தெளிக்க நடந்து போகவும் வழி. மெஷின் நடவுன்னா பாய் நாத்தங்கால் தனியா, 15லேர்ந்து 18 நாள் நாத்து, வயல் கண்ணாடி மாதிரி சமமா இருக்கணும்.

தண்ணி, களை, மருந்து

நட்டு ஒரு வாரத்துல பச்சை பிடிக்கும். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது கட்டின தண்ணி மறைஞ்சு மண்ணுல மயிரிழை வெடிப்பு விடுற சமயத்துல அடுத்த தண்ணி. எப்பவும் குளம் மாதிரி கட்டி வைக்கணும்னு ஒரு எண்ணம் நம்ம மண்டையில இருக்கு, அது வேணாம். கதிர் தொண்டையில இருக்கறப்பவும் பூக்கறப்பவும் மட்டும் காய விடாதீங்க.

முறைத்தண்ணி, அதாவது முறை வச்சு விடற தண்ணி, வந்தா ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கும் போகணும். டார்ச்ச அணைச்சுட்டு வரப்புல உக்காந்து காத கொஞ்சம் கீழ வச்சுக் கேளுங்க, எங்கயோ களகளன்னு மெல்லிசா ஒரு சத்தம் வந்தா அது நண்டு வளை, அங்க தண்ணி ஒழுகுது. கையளவு வைக்கோல முறுக்கித் திணிச்சு மேல சேத்த அப்பி மிதிச்சுடுங்க. கண்ணால தேடினா கிடைக்காது, காதுதான். சித்தப்பா கத்துக்குடுத்தது. ஒண்ணு மட்டும், பூட்ஸோ பழைய ரப்பர் செருப்போ போட்டுக்கிட்டு கம்பால தரையத் தட்டிக்கிட்டே போங்க, கண்ணாடி விரியன் வரப்பு ஓரம்தான் படுத்திருக்கும். கடிச்சா நேரா அரசு ஆஸ்பத்திரி, வேற எங்கயும் நிக்காதீங்க.

களை நட்ட 15லேர்ந்து 20 நாளுக்குள்ள ஒண்ணு, 35, 40ல இன்னொண்ணு. கயிறு பிடிச்சு வரிசையா நட்டிருந்தா கோனோவீடர்ங்கற கையால தள்ளுற களைக்கருவி ஓட்டலாம், களையும் அமுங்கும் மண்ணுக்குக் காத்தும் போகும்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா ஐம்பது காசு, மலிவா இருக்கேன்னு அள்ளி விடுறதுதான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு. பயிர் கருகருன்னு ஆகும், பாக்க ஜோரா இருக்கும், நாலாவது நாள் இலைச்சுருட்டுப் புழு வந்து உக்காரும். வேளாண் ஆபீஸ்ல இலை வண்ண அட்டை கேட்டு வாங்குங்க, நட்ட 14ம் நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை காலைல எட்டுலேர்ந்து பத்துக்குள்ள இலைய அட்டையோட வச்சுப் பாருங்க, 4க்குக் கீழ இருந்தா மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னின்னா 3.

மருந்துக்கு ஒரே விதி சொல்றேன். நட்டு 40 நாளுக்குள்ள இலை சுருண்டிருக்குன்னு மருந்துக்கடைக்கு ஓடாதீங்க, பயிரு புது இலை விட்டு ஈடு கட்டிடும், நீங்க அடிக்கற மருந்துல முதல்ல சாகறது சிலந்தியும் பொறிவண்டும்தான். புகையான் மட்டும் அப்படி விடக்கூடாது. அது மேல தெரியாது, தூர விலக்கி தண்ணி மட்டத்துக்கிட்ட பாக்கணும், பழுப்பா பொடிப்பூச்சி அப்பியிருந்தா உடனே தண்ணிய வடிங்க, யூரியாவ நிறுத்துங்க, அப்புறம் வேளாண் ஆபீசர்கிட்ட கேட்டு மருந்து. பைரித்ராய்டு வகை மருந்த யாராச்சும் குடுத்தா வாங்காதீங்க, அது அடிச்சா புகையான் இன்னும் பெருகும்.

எலிக்கு தஞ்சாவூர் கிட்டி, மூங்கில்ல வில்லு மாதிரி செஞ்சது. நட்டு ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்குள்ளயே வச்சுடுங்க, கதிர் வந்த பிறகு எலிக்கு கிட்டியில நீங்க வச்ச பொரி மேல கண்ணே போகாது. ஆந்தை உக்கார டி மாதிரி குச்சி நட்டு வைங்க, செலவில்லாத காவல். கரன்ட் கம்பி மட்டும் எந்தக் காலத்துலயும் வைக்காதீங்க. எலிக்கு வச்சதுல மனுசன் செத்திருக்கான், ஜெயிலும் உண்டு.

சம்பா பயிர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாளா அறிவிப்பாங்க, நம்ம பங்கு இன்ஷூர் தொகையில ஒன்றரை சதவீதம்தான். கடைசி வாரம் சர்வர் தொங்கும், அக்டோபர்லயே கட்டிடுங்க. 2018 நவம்பர் 16 கஜா அடிச்ச காலைல எங்க ஊர்ல கட்டினவன் கட்டாதவன் வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது.

அறுப்பு, இங்கதான் நான் மாட்டுனது

நான் வந்த முதல் வருஷம் மேல சொன்ன ஜூலை 10 கதை என்னோடதுதான். சித்தப்பா சொன்னாரு "வேணாம்டா, சம்பாவா போட்டுடு"ன்னு, நான் கேக்கல, யூடியூப்ல பாத்த கணக்கு தலையில ஓடிட்டு இருந்துச்சு. அக்டோபர் கடைசியில கதிர் பழுத்துச்சு, மூணு நாள் மழை, வயல்ல ஈரம். டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வேணும், ஜில்லாவே பெல்ட் மெஷினுக்கு நிக்குது, வாடகை மணிக்கு மணி ஏறுது. ஒரு வழியா அறுத்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா ஈரப்பதம் 22 சதவீதம். அவங்க எடுக்கறது 17 வரைக்கும். ரோட்டுல கொட்டிக் காயவைக்கலாம்னா வெயிலே இல்ல, தார்ப்பாய் போட்டு மூடுறது, மழை விட்டா திறக்கறது, திரும்ப மூடுறது, இப்படி எட்டு நாள். ஏழாவது நாள் குவியலுக்குள்ள கைய விட்டுப் பாத்தேன், அதே வெதுவெதுப்பு. வெள்ளை முளை. விதை மூட்டத்துல பாத்து சந்தோஷப்பட்ட அதே முளை.

அதனால இப்ப எங்க வீட்டுல அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணிய வடிச்சு வயல காயப்போடறது, மெஷினுக்கு பத்து நாள் முன்னாடியே பேசி வச்சுடறது, கொள்முதலுக்கு ஆன்லைன்ல பதிஞ்சு வைக்கறது, வீட்டுல ரெண்டு பெரிய தார்ப்பாய் எப்பவும் மடிச்சு வச்சிருக்கறது. கதிர்ல நூத்துக்கு எம்பது மணி வைக்கோல் நிறத்துக்கு வந்தா அறுத்துடலாம், அடி பச்சையெல்லாம் மஞ்சளாகட்டும்னு நிக்காதீங்க. அடுத்த வருஷத்துக்கு விதைநெல் வேணும்னா மெஷின் இறங்கறதுக்கு முன்னாடி நடுவயல்ல நல்லா விளைஞ்ச இடமா பாத்து கையால அறுத்து தனியா அடிச்சுடுங்க, மெஷின் வயித்துல முன்னாடி அறுத்த வயல் நெல்லு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கலந்துடும்.

பணக்கணக்கு ஒண்ணு சொல்லிடறேன், கனவோட வர்றவங்களுக்கு. ஏக்கருக்கு 30 மூட்டை வந்தா சுமாரான விளைச்சல், அது 18 குவின்டால். 2025 செப்டம்பர்லேர்ந்து சாதாரண ரகம் குவின்டால் 2,500, சன்ன ரகம் 2,545, மாநில ஊக்கத்தொகை சேத்து. அப்ப ஏக்கருக்கு 45,000 கையில, நாலு மாசத்துக்கு. இதுலேர்ந்து உழவு, நடவு, களை, உரம், மெஷின், ஏத்துக்கூலி எல்லாம் போகணும். முதல் விதை வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஆறு ரேட்டையும் உங்க ஊர்ல நாலு பேருகிட்ட கேட்டு எழுதி, 45,000லேர்ந்து கழிச்சுப் பாத்துட்டு அப்புறமா வேலைக்கு ராஜினாமா லெட்டர் அனுப்புங்க.

வைக்கோல கொளுத்தாதீங்க, கட்டு மெஷின்காரங்க வந்து கட்டி எடுத்துக்குவாங்க, வர்ற காசு ஒரு உழவுக்காவது ஆகும். அறுத்த வயல்ல ஈரம் இருந்தா வாத்துக்காரங்க மேய்க்கக் கேப்பாங்க, விடுங்க, உதிர்ந்த நெல்லு நத்தை எல்லாம் தின்னு எச்சத்த போட்டுட்டுப் போகும்.

உளுந்து, நம்ம கைக்காசு

சம்பா தாளடி அறுப்புக்கு ஏழுலேர்ந்து பத்து நாள் முன்னாடி, கதிர் நிக்கும்போதே உள்ள நடந்துக்கிட்டு உளுந்து தெளிக்கறது டெல்டா வழக்கம். ஆடுதுறை 3 ரகம், 70லேர்ந்து 75 நாள், ஏக்கருக்கு 12 கிலோ. மண்ணு மெழுகு பதத்துல இருக்கணும், கால வச்சா தடம் விழணும் தண்ணி ஊறக்கூடாது. மெஷின் வர்ற தேதி உறுதியான பிறகு தெளிங்க, முளைச்சு நீண்ட பிறகு மெஷின் ஏறினா சக்கரத் தடம் முழுக்க வெறும் மண்ணாத்தான் இருக்கும். இதுக்குத் தண்ணி பாய்ச்சறதில்ல, உரம் போடறதில்ல, மார்கழி தை பனியும் மண்ணு ஈரமும்தான். பூக்கற சமயத்துல ஒண்ணும் பதினஞ்சு நாள் கழிச்சு ஒண்ணும் டிஏபி கரைசல் மட்டும் அடிங்க: ஏக்கருக்கு 4 கிலோ டிஏபிய ராத்திரியே ஊறப்போட்டு, காலைல மேல தெளிஞ்சத வடிச்சு 200 லிட்டர் ஆக்கி, சாயங்காலம் வெயில் தாழ அடிக்கணும். இல்லன்னா பயறு ஒண்டர்னு வேளாண் பல்கலைக்கழகம் விக்கற பாக்கெட்டு, ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும்போது ஒரே தடவை.

உளுந்து பங்குனியில கைக்கு வரும். செடிய பிடுங்கி களத்துல காயப்போட்டு அடிச்சு தூத்தி எடுத்து, வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு எடுத்து வச்சது போக மிச்சத்த விக்கலாம். எங்கம்மா எடுத்து வைக்கறதுக்கு செம்மண் குழைச்சு பூசிக் காயவச்சு குடுவையில போடுவாங்க, வண்டு ஏறாது.

அந்தக் களம் காயற சமயத்துலயே கீதாரிக்கு போன் பண்ணிடுங்க. சித்திரை பொறந்த பிறகு கூப்பிட்டா மந்தை வேற ஊர்ல அடைஞ்சிருக்கும், போன வருஷம் எனக்கு ரெண்டு ராத்திரிதான் கிடைச்சுது, அதுவும் மேலண்டை வயலுக்கு மட்டும்.